டிக்கெட்டக்கா வாங்கிய படகு

பெரிய படகு ஓடிக்கொண்டிருந்தவரை டிக்கெட்டக்காவின் முகத்தை நாங்கள் யாரும் முழுசாகப் பார்த்ததில்லை. துறையிலிருந்த டிக்கெட் கூண்டின் ஜன்னல் அவ்வளவு தாழ்வு. இரண்டு கைகள், கழுத்தில் தொங்கும் மூக்குக்கண்ணாடி, "சில்லறை இல்லேன்னா பரவாயில்ல, சிடுசிடுப்பு வேண்டாம்" என்கிற குரல். எங்களுக்குத் தெரிந்த டிக்கெட்டக்கா அவ்வளவுதான்.

கழிமுகத்தின் அந்தக் கரையில்தான் ஆஸ்பத்திரி, கல்லூரி, மீன் பதப்படுத்தும் ஆலை எல்லாம். வீடுகள் பெரும்பாலும் இந்தக் கரையில். நான் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவன். ஒரு மழைக்காலத்தில் பெரிய படகின் அடித்தகடு துருப்பிடித்து ஓட்டையாகி, அதைக் கரையில் இழுத்துப் போட்டார்கள். திரும்ப இறக்கவில்லை. பாலத்தைச் சுற்றிப் போகும் பஸ்ஸில் ஏறினால், வேலைக்குப் போய்ச் சேர்வதற்குள்ளேயே பாதி வேலை பார்த்த களைப்பு வந்துவிடும். டிக்கெட் கூண்டையும் பூட்டினார்கள். அக்காவை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் அவருக்குக் காத்திருக்க ஆள் இல்லை. கல்யாணம் ஆனவர்தான். கணவர் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனவர், திரும்பி வரவில்லை. யாராவது கேட்டால், "அவரு வேற துறையில நங்கூரம் போட்டுட்டாரு" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். உலகத்தில் அவருக்கென்று இருந்தது ஒரு தம்பி. அம்மா இறந்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்தவனை அக்காதான் ஆளாக்கினார். அவன் துறைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் படகு இன்ஜின் பழுது பார்க்கிறான். அவனுக்கு மனைவி, கல்லூரிக்குப் போகும் ஒரு மகள்.

கூண்டைப் பூட்டிய பிறகு அக்கா அதிக நாள் சும்மா இருக்கவில்லை. பெரிய படகின் ஓட்டுநர் மதிய நேரங்களில் அவரிடம் சுக்கானைக் கொடுத்துப் பழக்கியிருந்தார். படகு ஓட்டும் உரிமத்துக்கான தேர்வையும் என்றோ ஒரு வீம்பில் எழுதித் தேறியிருந்தார். "இத்தனை வருஷம் ஏறுங்க ஏறுங்கன்னு மத்தவங்களைச் சொன்னேன். இப்ப நான் ஏறப்போறேன்" என்றார். பழைய மோட்டார் படகு ஒன்று வாங்கி ஆட்களை அக்கரை சேர்ப்பது என்று முடிவு.

படகை மிதக்க வைத்துப் பார்த்தால் எல்லாமே அழகு. கரையேற்றிப் பார்த்தால்தான் குணம் தெரியும் என்று துறையில் ஒரு பேச்சு உண்டு. மாடு வாங்கப் போனால் பல்லைப் பார்க்கலாம். படகுக்கு எதைப் பார்ப்பது? அக்காவுக்கு ஓட்டத்தான் தெரியும். பார்க்கத் தெரிந்தவன் தம்பி. அந்தத் தம்பியே ஒருநாள் வந்து சொன்னான், இறால் பண்ணைக்காரர் தன் ஃபைபர் படகை விற்கிறாராம், கூரை போட்டது, பெஞ்சு வைத்தது, அக்காவுக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது என்று.

தம்பி மனைவியும் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாளாம்: "இவரையே கூட்டிட்டுப் போய்ப் பாருங்க அண்ணி. இவரு கைபட்டா தப்பு ஒளிஞ்சுக்க முடியுமா?"

அன்றைக்குப் பண்ணையில் நடந்ததை அக்கா எனக்குப் பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார். சொல்லும்போது தம்பியின் ஒவ்வொரு அசைவையும் கையால் செய்து காட்டுவார்.

படகைக் கரையில் கட்டைகள் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். தம்பி முதலில் இன்ஜின் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தான். "பார்த்தியாக்கா, ஜில்லுன்னு இருக்கு. சூடா இருந்தா நாம வர்றதுக்கு முன்னாடியே ஒருதடவை ஓட்டி எழுப்பி வச்சிருக்காங்கன்னு அர்த்தம். தூங்குற இன்ஜினை நாமதான் எழுப்பணும். அப்பத்தான் அதோட குணம் தெரியும்."

அடியில் குனிந்து ஒரு திருகைக் கழற்றி, வடிந்த கியர் எண்ணெயை விரலில் தொட்டுக் காட்டினான். கறுப்பாக இருந்தது. "பால் ஊத்தின டீ மாதிரி வெளுத்திருந்தா உள்ளே தண்ணி போயிருக்குன்னு அர்த்தம். இது சுத்தம்." பிறகு தண்ணீரைத் தள்ளும் விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்தான். அதன் தண்டு வளையவில்லை. இன்ஜினில் பொறித்திருந்த எண்ணைப் படித்துக் காட்டி, பண்ணைக்காரர் வைத்திருந்த பதிவோடு ஒத்துப் பார்க்கச் சொன்னான். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் அடிப்பாகத்தை முனையிலிருந்து தட்டிக்கொண்டே வந்தான். டக், டக், டக். "இப்படிக் கெட்டியா சத்தம் வரணும். பொத்துன்னு சத்தம் வந்தா உள்ளே ஊறிப்போச்சுன்னு தெரிஞ்சுக்கோ."

அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. நாம் வளர்த்த பிள்ளையா இது என்று பார்த்துக்கொண்டே நின்றார். தட்டிக்கொண்டே வந்தவன் படகின் பின்பக்கத்துக்கு வந்ததும் நிமிர்ந்து, இன்ஜின் மாட்டியிருந்த பின்பலகையின்மேல் சாய்ந்து நின்று, நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"இங்க தட்டலையா?" என்று அக்கா கேட்டார்.

"அங்கிருந்தே சத்தம் கேட்டுச்சேக்கா. ஒரே அச்சுதானே எல்லாம்."

பின்பலகைக்கு மட்டும் புதுச் சாம்பல் பெயின்ட் அடித்திருந்தது. அதையும் அக்கா கேட்டார். பதில் சொன்னது தம்பிதான்: இறால் கூடைகள் உரசி அழுக்காகியிருந்ததாம், விற்கப்போகிறோமே என்று பண்ணைக்காரர் ஒரு கை பூசச் சொன்னாராம். பண்ணைக்காரர் சிரித்துத் தலையாட்டினார். அதிகம் பேசாத மனுஷன் என்று அக்கா நினைத்துக்கொண்டார்.

கூண்டு வேலையில் சேர்ந்த நாளிலிருந்து சேர்த்ததெல்லாம் அந்தப் படகுக்குப் போனது.

ஓட்டமும் நன்றாகத்தான் ஆரம்பித்தது. காலையில் முதல் நடையில் ஆலைப் பெண்கள், அடுத்ததில் ஆஸ்பத்திரிக்காரர்கள், பிறகு மாணவர்கள். சுக்கானைப் பிடித்து நின்ற அக்காவின் முகத்தை அப்போதுதான் முழுசாகப் பார்த்தோம். கன்னத்தில் குழி விழும் முகம். லைஃப் ஜாக்கெட் மாட்டாதவர்களை ஏற்ற மாட்டார். "மாட்டுங்க சார். உங்க அழகு கெட்டுப்போகாது. இருந்தாத்தானே கெடும்" என்பார். சொன்னது என்னைத்தான்.

ஒரு விஷயம்தான் அக்காவுக்குக் கொஞ்சம் உறுத்தியது. தம்பி மகள் கல்லூரிக்கு இன்னும் பஸ்ஸில் சுற்றிக்கொண்டு போனாள். "அத்தை படகு இருக்கும்போது எதுக்குடா கண்ணு பஸ்ஸு?" என்று கேட்டால், அந்தப் பெண் பாவம், "தண்ணியில தலை சுத்துதுன்னு அப்பா சொல்றாங்க அத்தை" என்பாள். தலை அவளுக்குத்தானே சுற்ற வேண்டும், அது எப்படி அப்பாவுக்குத் தெரிகிறது என்று அக்கா சிரித்ததோடு சரி. தம்பியும் ஏறியதில்லை. இன்ஜினைப் பார்க்க வேண்டுமென்றால் படகு துறையில் கட்டியிருக்கும்போது வந்து பார்த்துவிட்டுப் போவான். கைவேலை இருக்கிறது என்பான். இருக்கும்தானே, அவன் தொழில்காரன்.

அந்தப் படகு உடைந்த அன்று நானும் அதில் இருந்தேன்.

காற்று கொஞ்சம் அதிகம். அலை என்று சொல்லும் அளவுக்கு இல்லை. கழிமுகத்தின் நடுப்பகுதியைத் தாண்டும்போது பின்னால் முருங்கைக் கிளை முறிவது போல ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் இன்ஜின் தலை எங்களைப் பார்த்துக் குனிந்திருந்தது. அதன் கால் தண்ணீருக்கு மேலே வந்து விசிறி காற்றில் கத்தியது. பின்பலகை மூலையோடு மூலையாகப் பிளந்து, பிளவு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது.

அக்கா இன்ஜினை அணைத்தார். "எல்லாரும் முன்னாடி வாங்க! ஓடாதீங்க, உட்கார்ந்துகிட்டே நகருங்க! பையெல்லாம் அங்கயே கிடக்கட்டும்!" கூண்டுக்குள்ளிருந்து கேட்ட அதே குரல். நாங்கள் முன்பக்கம் ஒருவர் மடியில் ஒருவராக நெருங்கியதும் படகின் பின்பக்கம் சற்று எழுந்தது. பிளவு பாதிக்கு மேல் தண்ணீரை விட்டு வெளியே வந்தது. அக்கா தான் மாட்டியிருந்த மழைக்கோட்டைக் கழற்றி அந்தப் பிளவில் திணித்து, முதுகால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார். ஆலைப் பெண்கள் சாப்பாட்டு டப்பாக்களால் தண்ணீரை மொண்டு ஊற்றினார்கள். மீன்பிடிப் படகொன்று வந்து கயிறு போட்டு இழுக்கும்வரை அக்கா அசையவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அக்காவின் முதுகில் ஃபைபர் கீறி ரத்தம் வந்திருந்ததைக் கரையில்தான் பார்த்தோம்.

தம்பி ஓடிவந்தான். அக்காவைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதான். "எனக்கு ஒண்ணும் ஆகலடா, ஏண்டா இப்படி அழற?" என்று அக்காதான் அவன் தலையைத் தடவித் தேற்றினார். அந்தத் தேற்றலைத்தான் அவரால் பிற்பாடு பொறுக்க முடியவில்லை. "அவனை நான் சமாதானப்படுத்தினேன் சார். எனக்கு முதுகுல ரத்தம், நான் அவன் கண்ணைத் துடைச்சுவிட்டேன்" என்று என்னிடம் சொன்னார்.

படகைப் பட்டறைக்கு இழுத்துப் போனார்கள். பட்டறையில் ஃபைபர் வேலை செய்கிறவர் பின்பலகையை அறுத்தார். வெளித்தோலுக்குள் இருந்த மரம் ஈரத்தில் கறுத்து, கையில் எடுத்தால் கேக் மாதிரி உதிர்ந்தது. அதன் குறுக்கே பழைய முறிவு ஒன்று. அதில் பட்டி அடைத்து மேலே மெல்லிசாக ஃபைபர் ஒட்டி பெயின்ட் பூசியிருந்தது.

"இதை முன்னாடியே கண்டுபிடிக்க வழியில்லையா?" என்று அக்கா கேட்டார்.

"ஏன் இல்ல? இன்ஜின் காலைப் பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டினா பலகை கூடவே ஆடும். இங்க இருக்கிற ஒரு திருகைக் கழட்டினா, ஓட்டையிலேர்ந்து பழுப்புத் தண்ணி வடியும். புதுப் பெயின்ட் ஒரே இடத்துல இருந்தா, அந்த இடத்தைத்தான் முதல்ல பார்க்கணும்." சொல்லிவிட்டு அவர் தயங்கினார். "ஆனா அக்கா, இது ஒட்டுப்போட்டதுன்னு தெரிஞ்சுதானே வாங்கினீங்க?"

"யாரு சொன்னா?"

"உங்க தம்பிதானே எங்கிட்ட ரெசின் வாங்கிட்டுப் போனாரு? பண்ணைப் படகை ஒட்டணும்னாரு. அப்புறம் நீங்க அதையே வாங்கவும், சரி, வீட்டுக்குள்ள பேசிக்கிட்டாங்கன்னு நினைச்சேன்."

அக்கா அங்கிருந்த கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்துவிட்டார். பட்டறையில் இருந்த இன்னும் இரண்டு பேர் தங்கள் வேலையைக் குனிந்து பார்த்தார்கள். அவர்களுக்கும் தெரியும் என்று அந்தக் குனிதலே சொன்னது. பட்டறைக்கே தெரிந்தது உடையவளுக்குத் தெரியவில்லை.

அங்கிருந்து நேராகத் தம்பி வீட்டுக்குப் போனார். தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மனைவி அடுப்படியில். அக்கா உட்காரவில்லை.

"ரெசின் எதுக்குடா வாங்கின?"

அவன் தட்டிலிருந்து கையை எடுத்தான். முதலில் எந்த ரெசின் என்றான். பிறகு மறந்துவிட்டது என்றான். அக்கா பேசாமல் நின்றார். சிறுவயதில் அவனைத் திட்டுவதைவிட அவன் முன்னால் சும்மா நிற்பதுதான் பலிக்கும். அன்றும் பலித்தது. இன்ஜினைச் சரிபார்க்கப் பண்ணைக்காரர் படகை அவனிடம் விட்டிருந்தார். அவன் கூட்டாளிகளை ஏற்றிக்கொண்டு சுற்றப் போய், பின்பக்கமாக எடுக்கும்போது பழைய பாலத்தின் தூணில் மோதிவிட்டான். பண்ணைக்காரர் போலீசுக்குப் போவேன் என்றார். நீயே வாங்கிக்கொள், இல்லையென்றால் வாங்குவதற்கு ஆளைப் பிடித்துக் கொடு என்றார்.

"அந்த நேரம் பார்த்து நீ படகு தேடின" என்றான் தம்பி.

அடுப்படியிலிருந்து அவன் மனைவி வந்தாள். "கடவுளே வழி காட்டின மாதிரி இருந்துச்சு அண்ணி. எங்களுக்கு வேற என்ன வழி, சொல்லுங்க? இவரு உள்ள போயிட்டா பொண்ணு படிப்பு என்னாகும்?"

"நான் நல்லாத்தான் ஒட்டினேன்க்கா" என்றான் தம்பி. "சத்தியமா தாங்கும்னு நினைச்சேன்."

"தாங்கும்னு நினைச்சியா?"

"ஆமாக்கா."

"அப்புறம் உன் பொண்ணை ஏண்டா பஸ்ல அனுப்பின?"

தம்பி தட்டை நகர்த்தி வைத்தான். உள்ளறைக் கதவருகே நின்றிருந்த அந்தப் பெண் ஒருமுறை அப்பாவைப் பார்த்தாள், ஒருமுறை அத்தையைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"போலீசுக்குப் பயந்தேன்னு சொல்லியிருந்தா, நானே பண்ணைக்காரர் கால்ல விழுந்திருப்பேன்டா. படகு உடைஞ்சுதுன்னு சொல்லியிருந்தா, அதே படகை வாங்கி அறுத்துக் கட்டியிருப்பேன். எங்கிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். ஊருச் சனத்தை அதுல ஏத்தவிட்டு நீ கரையில நின்னு பார்த்துக்கிட்டு இருந்திருக்க."

அழவில்லை, கத்தவில்லை. அந்த வீட்டுச் சாவி ஒன்று அக்காவிடம் எப்போதும் இருக்கும். அதை வளையத்திலிருந்து கழற்ற நகம் உடைய முயன்றார், முடியவில்லை. வளையத்தோடு மேசையில் வைத்துவிட்டு வந்தார். தன் வீட்டுச் சாவியும் அதிலேயே இருந்தது என்பது வாசலுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. திரும்பப் போய் எடுக்க மனசில்லை. பூட்டை உடைத்துத்தான் உள்ளே போனார்.

துறையில் ஆளுக்கு ஆள் நியாயம் பேசினார்கள். வினோதம் என்னவென்றால் பெரும்பாலான நியாயம் தம்பி பக்கமே இருந்தது. கூடப் பிறந்தவன்தானே, தெரியாமல் செய்துவிட்டான், யாரும் சாகவில்லையே, அக்கா இவ்வளவு வைராக்கியம் பிடிக்கலாமா? அவனிடம் இன்ஜின் வேலை கொடுப்பவர்கள் தொடர்ந்து கொடுத்தார்கள். ஆலைப் பெண் ஒருத்தி, அன்றைக்கு டப்பாவில் தண்ணீர் மொண்டு ஊற்றியவள், அவளே வந்து, "தான் ஆடாட்டாலும் தன் சதை ஆடும்பாங்களே அக்கா" என்றாள்.

"ஆடுச்சே. அன்னிக்குப் படகோட பின்பலகை ஆடினப்ப என் சதையெல்லாம் ஆடுச்சு" என்றார் அக்கா.

கழுத்துச் சங்கிலியை விற்றுப் பின்பலகையைப் புதிதாகக் கட்டினார். கட்டி முடியும்வரை தினமும் பட்டறையில் போய் உட்கார்ந்திருந்தார். எந்த மரம், எத்தனை அடுக்கு, எது காய்ந்த பிறகு எது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஃபைபர்க்காரர் வேறு படகு பார்க்கப் போனால் கூடவே போனார். தரையை மிதித்து மெத்தென்று அமுங்கும் இடத்தைக் காலால் கண்டுபிடிக்கக் கற்றார். ஓடும் இன்ஜினின் பக்கவாட்டுத் துளையிலிருந்து தண்ணீர் விடாமல் பீச்சுகிறதா, அதைத் தொட்டால் கை பொறுக்கும் சூடாக இருக்கிறதா என்று பார்க்கக் கற்றார். ஆளில்லாமல் ஓட்டிக் காட்டுகிறவர்களிடம், "ஆளை ஏத்திக் காட்டுங்க, வெறும் படகு பொய் சொல்லும்" என்று சொல்லக் கற்றார்.

மறுபடி ஓட்டத் தொடங்கிய அன்று துறையில் கூடியவர்களிடம் படகில் என்ன கோளாறு இருந்தது, இப்போது என்ன செய்திருக்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னார். யார் செய்தது என்று மட்டும் சொல்லவில்லை. எப்படியும் எல்லாருக்கும் தெரியும். பாதிப் பேர் ஏறினார்கள். மீதிப் பேர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். உண்மையைச் சொன்னால் நானும் முதல் சில நாள் பஸ்ஸில்தான் போனேன்.

பிற்பாடு அக்காவைப் பழைய படகு பார்க்கக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒருமுறை ஐஸ்கட்டி விற்கிறவர் ஒரு படகு வாங்க ஆசைப்பட்டு அவரைக் கூட்டிப்போனார். எனக்கு அன்று விடுமுறை, வேடிக்கை பார்க்க நானும் போனேன். விற்கிறவர் வீட்டுப் பின்புறம் படகு நின்றது. அதன் பக்கத்தில் தம்பி நின்றான். அந்த இன்ஜினுக்கு அவன்தான் வேலை பார்த்தவனாம்.

அக்கா அவனைப் பார்க்காத மாதிரி இன்ஜின் மூடியில் உள்ளங்கையை வைத்தார்.

"சூடா இருக்கு" என்றார் விற்கிறவரிடம். "ஆறட்டும். உட்கார்ந்திருக்கோம்."

வெயிலில் இருந்ததால்தான் அப்படி என்று அவர் சமாளித்தார். அக்கா கொடியில் காய்ந்த ஒரு லுங்கியை இழுத்துப் போட்டு இன்ஜினுக்கு நிழல் கட்டினார். ஆளுக்கொரு கல்லில் உட்கார்ந்தோம். அக்காவும் தம்பியும் படகுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். ஐஸ்காரர் என்னிடம் அரசியல் பேசினார். இன்ஜின் ஆறுவதற்கு எடுத்துக்கொண்ட நேரம் அவ்வளவு நீளமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அக்கா எழுந்து பின்பலகைப் பக்கம் போனபோது தம்பி மெதுவாகச் சொன்னான்: "அக்கா, அது நல்லா இருக்கு. நான் பார்த்திருக்கேன். இந்தத் தடவை பொய் இல்லக்கா."

அக்கா பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஒரு திருகைக் கழற்றினார். துளைக்குள் ஒரு கம்பியை விட்டு உருவினார். கம்பி காய்ந்திருந்தது, முனையில் வெளிர் மரத்தூள். இன்னொரு திருகையும் கழற்றிப் பார்த்தார். அதுவும் அப்படியே.

"சொன்னேன்லக்கா?" என்றான் தம்பி. அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது.

"சொன்னே. அதனாலதான் ரெண்டு இடத்துல பார்க்க வேண்டியதாப் போச்சு."

அவன் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் போய்விட்டான். அக்கா இரண்டு திருகுகளையும் பழையபடி முடுக்கி, மேலே பசை தடவி, விரலால் வழித்துவிட்டார். இன்ஜின் முதல் இழுப்பிலேயே எழுந்தது. விற்கிறவருக்குத் தைரியம் வந்து, நாங்கள் எல்லாருமே ஏறி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தோம். படகு நல்ல படகு. ஐஸ்காரர் அதையே வாங்கினார்.

திரும்பும் வழியில் ஐஸ்காரர் சும்மா இருக்க மாட்டாமல், "தம்பிகிட்ட ஒரு வார்த்தை நல்லபடியாப் பேசியிருக்கலாமே அக்கா. இன்னிக்கு உண்மையைத்தானே சொன்னான்?" என்றார்.

அக்கா நடந்துகொண்டே சொன்னார். "உண்மைதான். அது என் காதுல விழுந்துச்சு. மனசுல விழலையே, நான் என்ன பண்ண?"

பிறகு, அந்தப் படகில் தண்ணீர் வடியும் துளைக்கு அடைப்பான் தேய்ந்திருக்கிறது, நாளைக்கே புதுசு வாங்கிப் போடுங்கள், ஐஸ் உருகும் தண்ணீர் வேறு சேரும் என்று அவரிடம் சொன்னார். மாலை நடைக்கு ஆலைப் பெண்கள் காத்திருப்பார்கள் என்று நடையை எட்டிப் போட்டார்.